கடல்மீன் தொட்டியில் திடீர்ச் சாவு: யார் செத்தது, யார் பிழைத்தது

வீட்டுக் கடல்மீன் தொட்டியில் காரணம் தெரியாமல் மீன் சாவது பெரும்பாலும் காலையில்தான் தெரியவருகிறது. இரவு தீனி தின்று நீந்திக்கொண்டிருந்த மீன், விடிந்ததும் பாறைக்குப் பின்னால் பக்கவாட்டில் கிடக்கிறது. சில நாள் உடலே கிடைப்பதில்லை. நண்டும் புழுவும் முள்ளைக்கூட மிச்சம் வைக்காமல் தின்று தீர்த்திருக்கும். தொட்டிக்காரர் டெஸ்ட் கிட்டை எடுத்து அமோனியா பார்க்கிறார், பூஜ்யம் காட்டுகிறது. கடைக்காரரிடம் கேட்டால் "ஏதாவது வைரஸா இருக்கும் சார்" என்கிறார். அதோடு விசாரணை முடிகிறது. அடுத்த வாரம் புது மீன் வருகிறது, அதுவும் சாகிறது.

நன்னீர்த் தொட்டியில் பெரும்பாலும் மீன் மட்டும்தான் இருக்கும். உப்புநீர்த் தொட்டியிலோ கோமாளி மீனோடு இறால், நத்தை, துறவி நண்டு, கடற்சாமந்தி என்று பல இனங்கள் ஒரே தண்ணீரில் குடியிருக்கின்றன. மீனைக் கொல்வதெல்லாம் இறாலைக் கொல்வதில்லை. இறாலைச் சாய்க்கிற சில நஞ்சுகளை மீன் தாங்கிக்கொள்ளும். அதனால் அனுபவப்பட்டவர்கள் டெஸ்ட் கிட்டைத் திறக்குமுன் ஒரு தாளில் சிலவற்றைக் குறித்துக்கொள்கிறார்கள்: செத்தவை எவை, உயிரோடிருப்பவை எவை, எல்லாம் நன்றாக இருந்ததைக் கடைசியாகப் பார்த்தது எப்போது, அதற்குப் பின் வீட்டில் என்ன மாறியது. பாதி நோயறிதல் அந்தத் தாளிலேயே முடிந்துவிடும்.

ஒரே இரவில் பல மீன்கள், அதிலும் பெரியவையும் வேகமாக நீந்துபவையும் முதலில் செத்து, சின்ன மீன்கள் தப்பியிருந்தால் சந்தேகப்பட வேண்டியது ஆக்சிஜன். 25 டிகிரி செல்சியஸில் நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அதே வெப்பத்தில் கடல்நீரால் முடிவது சுமார் 6.7 மில்லிகிராம், 30 டிகிரியில் அது இன்னும் குறைந்து 6.2 ஆகிவிடும். இரவில் பாசியும் பவளமும் ஒளிச்சேர்க்கையை நிறுத்திவிட்டு மீனோடு சேர்ந்து மூச்சு விடுகின்றன. கோடைக்காலத்து நள்ளிரவில் கரண்ட் போய், மோட்டார் நின்று, மேற்பரப்பு அசையாமல் கிடந்தால் சில மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். கரண்ட் வந்து எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு தண்ணீரைச் சோதித்தால் எந்தக் குறையும் தெரியாது. தடயம் மீனின் உடலில்தான் இருக்கிறது: வாய் பிளந்து, செவுள் மூடிகள் விரிந்து கிடக்கும்.

இந்தச் சிக்கல் வீட்டுக் கடல்தொட்டி அளவுக்கே பழையது. 1846இல் இங்கிலாந்தின் டார்க்கி கடற்கரையிலிருந்து உயிருள்ள பவள உயிரிகளை லண்டன் வீட்டுக்குக் கொண்டுவந்த ஆன்னா தின் என்ற பெண்மணிக்கு மோட்டாரும் இல்லை, ஏர் பம்ப்பும் இல்லை. பணிப்பெண் திறந்த ஜன்னலருகே நின்று கடல்நீரைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாற்றி ஊற்றிக்கொண்டிருந்தாள். நம்மூர் டீக்கடையில் டீ ஆற்றும் அதே வேலை. கரண்ட் போன இரவில் குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவது இன்றும் உதவும். பேட்டரி ஏர் பம்ப் இருந்தால் தூக்கம் மிஞ்சும்.

மொத்தச் சாவுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஹீட்டர் அணையாமல் மாட்டிக்கொண்டு தண்ணீரைக் காய்ச்சியிருக்கலாம். தொட்டியை இடம் மாற்றும்போது அடிமணலைக் கிளறியிருந்தால், காற்றுப் புகாத கறுத்த படிவத்திலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வெளியாகியிருக்கலாம். அழுகிய முட்டை நாற்றம் அதைக் காட்டிக்கொடுக்கும். குடியிருப்போரில் ஒருவரே கொலையாளியாகவும் இருப்பதுண்டு. மிரண்ட பெட்டிமீன் தோலிலிருந்து கசியவிடும் நஞ்சு, சிறிய தொட்டியில் அதையும் சேர்த்துக் கொல்லும். மோட்டாரில் சிக்கி அரைபட்ட கடல் அட்டையின் ஹோலோதூரின் மீன்களுக்குக் கடும் விஷம். இந்தியத் தொட்டியில் கடல் அட்டையே இருக்கக் கூடாது என்பது வேறு கதை: 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

மீன் தெளிவாக இருக்க, இறாலும் நத்தையும் மட்டும் செத்தால் விசாரணை வேறு பக்கம் திரும்ப வேண்டும். முதல் குற்றவாளி தாமிரம். மீன் நோய்க்குப் போட்ட மருந்து, பித்தளை இணைப்பு, குழாய்த் தண்ணீர் என்று பல வழியில் அது வரும். ஒருமுறை தாமிர மருந்து பட்ட பாறையும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்ல மெல்லக் கக்கும். பழைய தொட்டியை விலைக்கு வாங்குபவர்கள் இதில் ஏமாறுகிறார்கள்.

அடுத்த சந்தேகம் கொசு மருந்து. கொசுவத்தி, மேட், லிக்விட் என எல்லாவற்றிலும் இருப்பவை பைரித்திராய்டு வகை வேதிப்பொருள்கள். அலெத்ரின், டிரான்ஸ்ஃப்ளூத்ரின் என்று டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். மனிதரை அதிகம் பாதிக்காத இவை நீர்வாழ் உயிர்களுக்கு மிகக் கொடிய நஞ்சு. இறால் இனம் முதலில் விழும், அளவு கூடினால் மீனும் விழும். தொட்டிக்குள் யாரும் மருந்து அடிப்பதில்லை. ஆனால் ஏர் பம்ப்பும், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரும் இரவு முழுக்க அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் குமிழியாக அனுப்புகின்றன. பம்ப்புக்கு இரண்டடி தள்ளி அதே பிளக் பாயிண்டில் கொசு லிக்விட் எரிகிற வீட்டில், தண்ணீரை மட்டும் சோதித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. புது பெயின்ட் வாசனையும் அறைக்குள் அடிக்கிற பூச்சி ஸ்பிரேயும் இதே வழியில்தான் உள்ளே போகின்றன.

இறால் உற்சாகமாக ஓடியாட, மீன்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாகின்றன என்றால் பெரும்பாலும் அது ஒட்டுண்ணி. இந்த நிலையில்தான் தவறான நோயறிதல் அதிகம். வெள்ளைப் புள்ளி எதைக் கண்டாலும் "இக்" என்று சொல்லிவிடுகிற பழக்கம் அதற்கு ஒரு காரணம்.

கடல்நீர் இக்கை உண்டாக்குவது கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்ற ஒரு செல் உயிரி. 1930களில் ஜப்பானில் சிகாமா இதை விவரித்தார். 1951இல் பிரவுன் இந்தப் பெயரைச் சூட்டினார். உப்புக்கல் தூவியதுபோல் தோலிலும் துடுப்பிலும் புள்ளிகள் தெரியும். மூன்று முதல் ஏழு நாள் மீனின் தோலைத் தின்று கொழுத்த பின் ஒட்டுண்ணி உதிர்ந்து, மணலிலோ பாறையிலோ ஒட்டிக்கொண்டு, கூடு கட்டி உள்ளே பெருகும். ஒரு கூட்டிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் வெளியேறலாம். அவை கிளம்புவது பெரும்பாலும் இருட்டில், மீன் பாறையோரம் அசையாமல் உறங்கும் நேரத்தில். புள்ளிகள் தாமாக மறைந்ததும் பூண்டுச்சாறோ வைட்டமினோ வேலை செய்துவிட்டதாகத் தொட்டிக்காரர் மகிழ்கிறார். உண்மையில் அவை அடுத்த தலைமுறையைப் பெறப் போயிருக்கின்றன.

வெல்வெட் இதைவிடப் பொல்லாதது. அமைலூடினியம் ஒசெல்லாட்டம் என்ற இந்த ஒட்டுண்ணியை 1931இல் லண்டனில் பிரவுன் விவரித்தார். இக் நாள்கணக்கில் கொன்றால், வெல்வெட் ஓரிரு நாளில் தொட்டியையே காலி செய்யும். முதலில் செவுளைத் தாக்குவதால், தோலில் ஒரு புள்ளிகூடத் தெரியாமலே மீன் செத்துப்போகும். "காரணமே இல்லாமல் செத்தது" என்று சொல்லப்படும் சாவுகளில் இதன் பங்கைக் குறைத்து எடைபோடக் கூடாது. சாகுமுன் மீன் வெளிச்சத்தைத் தவிர்க்கும், வேவ் மேக்கரின் நீரோட்டத்துக்கு நேராக முகத்தைக் கொடுத்து நிற்கும், வேகவேகமாக மூச்சு வாங்கும், தீனியைத் திரும்பிப் பார்க்காது. அறை விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால், மாவு தூவியதுபோல மங்கிய பொன்னிறப் பூச்சு தெரியலாம். ஒரு கூட்டிலிருந்து 256 குஞ்சுகள் வரை வரும்.

கோமாளி மீனின் உடலில் சளி பிய்ந்து தொங்கினால் புரூக்கினெல்லா என்ற ஒட்டுண்ணி. குரோமிஸ் மீனின் விலாவில் சிவந்த புண் இருந்தால் யூரோனீமா என்ற இன்னொன்று. இந்த வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் அல்ல. இக்குக்கும் வெல்வெட்டுக்கும் தாமிரம் கேட்கும். புரூக்கினெல்லாவுக்குத் தாமிரம் பலிக்காது, ஃபார்மலின் வேண்டும். தட்டைப்புழுவுக்கு இரண்டும் இல்லை, பிராசிகுவான்டெல். எந்த மருந்தானாலும் தனித் தொட்டியில்தான், இறாலும் பவளமும் இருக்கும் தண்ணீரில் அல்ல.

தட்டைப்புழு கண்ணாடிபோல ஒளி ஊடுருவக்கூடியது; மீனின் மேல் இருந்தாலும் கண்ணுக்குப் படாது. அதைக் காண எளிய வழி நன்னீர்க் குளியல். தொட்டியின் அதே வெப்பமும் அதே பி.எச். அளவும் உள்ள, குளோரின் நீக்கிய நன்னீரைக் கறுப்பு வாளியில் எடுத்து, காற்றோட்டம் கொடுத்து, மீனை ஐந்து நிமிடம் விட வேண்டும். உப்பில்லாத நீரில் புழுக்கள் ஊதி வெளுத்து உதிரும். வாளியின் அடியில் அரிசிக் குருணை சிந்தியதுபோல அவை கிடப்பதைப் பார்த்தவருக்கு வேறு சோதனை தேவைப்படாது. மீன் துவண்டு சாய்ந்தால் உடனே திரும்ப எடுத்துவிட வேண்டும்.

புதிதாக வாங்கிய மீன் மட்டும் ஓரிரு நாளில் செத்தால் வந்த வழியைப் பார்க்க வேண்டும். கட்டிய பிளாஸ்டிக் பையில் மீன் விடும் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்குகிறது. கழிவிலிருந்து அமோனியாவும் சேர்கிறது, ஆனால் குறைந்த பி.எச்.இல் அது அதிகம் தீங்கு செய்யாத அமோனியம் வடிவில் இருக்கிறது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பி.எச். ஏறும். பி.எச். 7லிருந்து 8க்குப் போனால் நச்சு வடிவத்தின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகும். பொறுமையோடு ஒரு மணி நேரம் திறந்த பையில் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைக் கலந்தவர், அந்த ஒரு மணி நேரமும் மீனை அமோனியாவில் ஊற வைத்திருக்கிறார். நெடுந்தூரம் வந்த மீனைப் பை நீரிலிருந்து விரைவில் பிரித்து, உப்பளவு சமப்படுத்திய தனித் தொட்டியில் விடுவதே மேல். பிடித்த முறையும் கணக்கில் வரும். 1960களில் பிலிப்பைன்ஸில் தொடங்கிய சயனைடு மீன்பிடிப்பில் தப்பிய மீன்கள் கொஞ்ச காலம் சாதாரணமாக இருந்துவிட்டுப் பிறகு சாகக்கூடும். வீட்டில் அதைக் கண்டறிய வழியில்லை. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையம் உருவாக்கியதுபோன்ற பொரிப்பக முறையில் வளர்ந்த கோமாளி மீனை வாங்குவோருக்கு இந்தக் கவலை இல்லை.

உடலே கிடைக்காமல் மீன்கள் காணாமல் போவது இன்னொரு வகை. மூடியில்லாத தொட்டியில் முதலில் பார்க்க வேண்டியது தரை. காய்ந்த மீன் சோபாவுக்கு அடியிலிருந்து மூன்றாம் நாள் கிடைக்கும். தரையில் இல்லையென்றால் பாறைக்குள். 2009இல் இங்கிலாந்தின் நியூக்கீ நகரத்துக் காட்சியகத்தில் பவளங்கள் கடிபட்டும் மீன் காயப்பட்டும் இருக்க, காட்சித் தொட்டியைக் கல் கல்லாகப் பிரித்தபோது வெளியே வந்தது ஏறத்தாழ நான்கடி நீளப் புழு. குட்டியாகப் பாறையோடு ஒளிந்து வந்து உள்ளேயே வளர்ந்திருக்க வேண்டும். அதற்கு பாரி என்று பெயரும் வைத்தார்கள்.

செத்த மீன் கையில் இருந்தால் காலம் தாழ்த்தக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் செவுள் விரைவில் வெளிறி அழுகிவிடும். உடனே பார்க்க முடியாவிட்டால் சாதாரண குளிர்ச்சியில் வைக்கலாம், உறையவைத்தால் திசு கெடும். செவுளில் ஒரு துணுக்கை வெட்டி, தொட்டி நீர் ஒரு சொட்டு விட்டு, பள்ளிக்கூட நுண்ணோக்கியில் நூறு மடங்கு பெருக்கத்தில் பார்த்தாலே போதும். அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்பு முட்டை வடிவம் வெல்வெட். மயிரிழைகளால் தன்னைத்தானே மெல்ல உருட்டிக்கொள்ளும் கறுத்த உருண்டை இக். கண்ணீர்த்துளி வடிவில் அங்குமிங்கும் பாய்பவை யூரோனீமா. அமோனியா அளவு கூடுதலாகக் காட்டினாலும் அவசரப்பட வேண்டாம். மறைவில் அழுகும் உடலே அதை உண்டாக்கியிருக்கலாம்.

மாதக்கணக்கில் மெலிந்து, வயிறு ஒட்டி, ஒவ்வொன்றாகச் சாகும் மீன்களுக்குப் பட்டினி ஒரு காரணம். மாண்டரின் மீன் போன்றவை உயிருள்ள சிற்றிறால்களைத் தவிர வேறெதையும் எளிதில் தொடாது. மற்றொன்று மைக்கோபாக்டீரியம் மரினம். 1926இல் ஆரன்சன் இதை ஃபிலடெல்ஃபியா காட்சியகத்தில் செத்த கடல்மீன்களிலிருந்து பிரித்தெடுத்தார். கையில் வெட்டுக்காயத்தோடு தொட்டியில் கை விடுபவருக்கு ஆறாத தோல் கட்டியை உண்டாக்குவதும் இதுதான். மெலிந்து செத்த மீனைக் கையுறையோடுதான் எடுக்க வேண்டும்.

இக் என்று உறுதியானால் மிஞ்சிய மீன்களையெல்லாம் மருத்துவத் தொட்டிக்கு மாற்றி, பெரிய தொட்டியைக் காலியாகப் போட வேண்டும். கூடுகள் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் வெடித்தாலும் 72 நாள் வரை தாக்குப்பிடித்தவை பதிவாகியிருப்பதால், வழக்கத்தில் 76 நாள் கணக்கு வைக்கிறார்கள். அந்த இரண்டரை மாதமும் விளக்கு எரியும், மோட்டார் ஓடும், பாறை மேல் இறால் உலாவும். தொட்டியில் மீன் மட்டும் இராது. நாற்பதாவது நாள் கடையில் பார்த்த அழகான மீன் ஒன்றை உள்ளே விட்டால், அன்றிலிருந்து மறுபடி ஒன்று.