பானைக்குள் கிடந்த சாரை

போன மழைக்காலத்தில் எங்கள் கொல்லையில் ஒரு சாரைப்பாம்பு கிடந்தது. வேலியில் கட்டியிருந்த பழைய மீன்வலையில் சிக்கி, இழை தோலை அறுத்திருந்தது. தெருவே தடியோடு வந்துவிட்டது. இருளர் குடியிருப்பு ஆயாதான் குறுக்கே வந்தார். "அடிக்காதீங்கடா. வெசமில்லாதது. எலி துன்ற சீவன்."

பாம்பின் தலையைத் துணியால் மூடினார். இழைகளை ஒவ்வொன்றாக வெட்டினார். காயத்தைக் கழுவி, மண்பானைக்குள் விட்டு, வாயைத் துணியால் கட்டி நிழலில் வைத்தார். "தீனி கீனி போடாத. பயந்த பாம்பு துன்னாது. சும்மா வுடு." மூன்றாம் நாள் ஏரிக்கரையில் விட்டோம்.

"ஒனக்கு எப்படி ஆயா இதெல்லாம் தெரியும்?"

"எங்கப்பன் உரிச்ச தோலுக்குக் கணக்கில்ல. உரிக்கத் தெரிஞ்சவனுக்குக் காப்பாத்தத் தெரியாதா?"

இந்தப் பதிலுக்குள் செங்கல்பட்டுச் சீமை இருளரின் வரலாறு இருக்கிறது. இவர்கள் பிடித்த பாம்பின் தோல் கைப்பையாகவும் செருப்பாகவும் வெளிநாடு போனது. லாபம் வியாபாரிக்கு, கூலி இவர்களுக்கு. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை. தடை சரிதான். ஆனால் பிடித்தவன் சோத்துக்கு என்ன செய்வான் என்று சட்டம் கேட்கவில்லை. எத்தனையோ குடும்பங்கள் அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் கொத்தடிமையாயின.

1978இல் ரோமுலஸ் விட்டேக்கரும் இருளர்களும் சேர்ந்து பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். வடநெம்மேலியில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் இதேபோல் மண்பானையில் வைத்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் முறிவு மருந்து. பாம்பு யாரைக் கடிக்கிறது? செருப்பில்லாமல் வயலில் இறங்குகிற நம்ம சனங்களைத்தான். அவர்களைப் பிழைக்க வைக்கிற மருந்தின் முதல் கை இருளர் கை.

2023இல் மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சந்தோஷம்தான்.

பாம்பின் பெயர் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. இருளர் பெயரும் பழங்குடி அட்டவணையில் இருக்கிறது. ஆயாவின் பேரன் மட்டும் சாதிச் சான்றிதழுக்காக இரண்டு வருஷமாக அலைகிறான். "நீ இருளன்தான்னு என்னடா சாட்சி?" என்று அலுவலகத்தில் கேட்டார்களாம்.

ஆயா சிரித்துக்கொண்டே சொன்னார்: "அந்தச் சாரையத்தான் கூட்டிக்கினு போவணும்."

எனக்குச் சிரிக்க முடியவில்லை.