இராமானுஜன் எண்ணிய குவியல்கள்

கணிதமேதை இராமானுஜன் என்றதும் 1729 என்ற வாடகைக்கார் இலக்கத்தின் கதையையே பலரும் சொல்வர். நல்ல கதைதான். எனினும், எமது சிறுவர்கள் தாமே செய்து பார்க்கத்தக்க வேறொன்று அவருடைய கணிதத்தில் உண்டு.

நான்கு மாங்காய்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை எத்தனை வகையாகக் குவிக்கலாம்? நான்கும் ஒரே குவியலாக; மூன்றும் ஒன்றுமாக; இரண்டும் இரண்டுமாக; இரண்டும் ஒன்றும் ஒன்றுமாக; நான்கும் தனித்தனியாக. ஆக 5 வகை. ஐந்து காய்களுக்கு 7 வகை, பத்துக்கு 42. நூறு காய்களுக்கோ 19,05,69,292 வகை! ஒவ்வொன்றாக எழுதி யார் முடிப்பது?

1887 டிசம்பர் 22இல் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் இராமானுஜன். கணிதமொன்றிலேயே மனம் பதிந்தமையால் ஏனைய பாடங்களில் தவறிக் கல்லூரி உபகாரச் சம்பளத்தை இழந்தார். 1907இல் எப்.ஏ. பரீட்சையிலும் சித்தியடையவில்லை. கடதாசி வாங்கப் பணமின்றிக் கற்பலகையில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மாத்திரம் கொப்பியிற் குறித்துவந்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபா சம்பளத்தில் இலிகிதரானார். மறுவருடம் கேம்பிரிட்ஜ் பேராசான் ஹார்டிக்கு எழுதிய கடிதமே 1914இல் அவரைக் கப்பலேற்றியது.

அங்கே மக்மகன் என்னும் கணித அறிஞர், 200 வரையுள்ள எண்களுக்குக் குவியல் வகைகளைக் கணக்கிட்டு அட்டவணையாக்கியிருந்தார். அதனை இராமானுஜன் உற்று நோக்கினார். 4, 9, 14, 19 ஆகியவற்றுக்கு உரிய வகைகள் 5, 30, 135, 490. எல்லாம் ஐந்தால் மீதியின்றிப் பிரிபடுகின்றன! நாலிலோ ஒன்பதிலோ முடியும் எந்த எண்ணுக்கும் இது தவறாதென அவர் நிறுவியுங் காட்டினார். 1918இல் ஹார்டியுடன் வெளியிட்ட சூத்திரமோ, ஆறே உறுப்புக்களைக் கூட்டிய அளவில், நூறு காய்களுக்குரிய அப்பெருந் தொகையை ஒன்றில் நூற்றிலொரு பங்கும் பிசகாமற் கிட்டியது.

நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருளே தமக்கு இவற்றைத் தந்ததென்று அவர் சொல்வார். அந்தப் பக்தியைக் குறைத்தல் எமது நோக்கமன்று. ஆனால் கனவில் வந்த கணிதம் என்று மாத்திரம் பிள்ளைகளுக்குச் சொல்வோர், கற்பலகையில் தேய்ந்த முழங்கையை மறைத்துவிடுகின்றனர்.

1918இல் அரச கழகம் அவரை அங்கத்தவராக்கியது. நோயுடன் 1919இல் தாயகம் மீண்டு, 1920 ஏப்ரல் 26இல், 32ஆம் வயதிற் சென்னையிற் காலமானார். படுக்கையிலும் எழுதிக்கொண்டேயிருந்தார். அத்தாள்கள் 1976இல் கேம்பிரிட்ஜ் நூலகமொன்றிற் கண்டெடுக்கப்பட்டன. அவற்றிலுள்ளவற்றுக்கு நிறுவல் எழுதி, ஐந்து பாகங்களாக வெளியிட்டு முடிக்க 2018 ஆயிற்று.