மூவிதழ்ச் சின்னம் பிறந்த கதை

புதுச்சேரியின் மூலக்குளத்தில் ஒருவர் படியில் கால் தவறி விழுந்தால் அடுத்துப் போகும் இடம் எக்ஸ்ரே அறை. அந்த அறைக் கதவில் மஞ்சள் நிறத்தில் ஒரு படம் ஒட்டியிருக்கும். நடுவில் ஒரு வட்டம், அதைச் சுற்றி மூன்று இறக்கைகள். மேலே சிவப்பு விளக்கு. விளக்கு எரிந்தால் உள்ளே போகக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். படம் என்ன சொல்கிறது என்று கேட்டால், பாதிப் பேர் மின்விசிறி என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த மூவிதழ்ச் சின்னத்தை வரைந்தவர்கள் நமக்காக வரையவில்லை; தங்களுக்காக வரைந்துகொண்டார்கள்.

வரைந்த இடம் ஒரு பல்கலைக்கழகம். அமெரிக்காவின் பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கதிரியக்க ஆய்வுக்கூடம். ஆண்டு 1946. இயற்பியலாளர் எர்னெஸ்ட் லாரன்ஸ் சைக்ளோட்ரான் என்னும் துகள்முடுக்கியைக் கட்டிய கூடம் அது. புளூட்டோனியம் முதன்முதலில் பிரித்தறியப்பட்டதும் அந்த வளாகத்தில்தான். கண்ணுக்குத் தெரியாத, மணம் இல்லாத, தொட்டாலும் சுடாத ஆபத்தோடு அங்கே அன்றாடம் வேலை நடந்தது. ஆகவே வேலை செய்பவர்களின் உடல்நலத்தைக் கவனிக்கவென்றே தனிக் குழு ஒன்று இருந்தது. அதன் தலைவர் நெல்ஸ் கார்டன்.

எந்த மேசை, எந்த அறை, எந்தப் புட்டி ஆபத்தானது என்று காட்ட அந்தக் குழுவுக்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது. ஆளாளுக்கு ஒன்று வரைந்து காட்டினார்கள். அணு ஒன்றிலிருந்து கதிர் வெளியே பாய்வதைக் காட்டுவதாகச் சொல்லப்பட்ட படமே பலருக்கும் பிடித்தது. நடுவட்டம் அணு, மூன்று இறக்கைகள் கதிர்.

நிறத்தைத் தேர்ந்தெடுத்ததில் இன்னும் சுவையான கணக்கு இருக்கிறது. புடவைக் கடையில் நாம் மெஜந்தா என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த நிறத்தை கார்டன் எடுத்தார். வேறு எந்த எச்சரிக்கைக்கும் அது பயன்படவில்லை என்பது ஒரு காரணம். அந்தச் சாயம் விலை கூடியது. ஆகவே கண்டவர் கண்ட இடத்தில் பூச மாட்டார்கள் என்பது இன்னொன்று. பின்னணிக்கு நீலம். கதிரியக்க வேலை நடக்கும் இடங்களில் நீலம் அரிது என்பதால் பளிச்சென்று தெரியும் என்று நினைத்தார். மஞ்சள் அவருக்குப் பிடிக்கவில்லை. எங்கே பார்த்தாலும் மஞ்சள் எச்சரிக்கைகள்தான். அந்தக் கூட்டத்தில் இதுவும் கரைந்துவிடும் என்பது அவர் எண்ணம்.

ஆனால் நீலம் வெயிலுக்குத் தாங்கவில்லை. 1948இல் டென்னசி மாநிலத்து ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் இருந்தவர்கள் மெஜந்தா இறக்கைகளை வெட்டி, பல நிற அட்டைகளில் குத்தி, வெளியே நிறுத்தி, 20 அடி தள்ளி நின்று பார்த்தார்கள். மஞ்சள் வென்றது. கார்டன் ஒதுக்கிய நிறமே நிலைத்தது. பின்னாளில் மெஜந்தாவின் இடத்தைப் பெரும்பாலான நாடுகளில் கறுப்பு பிடித்துக்கொண்டது. அளவுகளும் வகுக்கப்பட்டன. நடுவட்டத்தின் ஆரம் ஒரு பங்கு என்றால், இறக்கைகள் ஒன்றரைப் பங்கில் தொடங்கி ஐந்து பங்கில் முடிய வேண்டும்.

சின்னம் உலகம் சுற்றியது. அதன் பொருள் மட்டும் ஆய்வுக்கூடத்தின் வாசலைத் தாண்டவில்லை. பெர்க்லியில் அதைப் பார்த்தவர் ஒவ்வொருவருக்கும் முன்பே யாரோ சொல்லித் தந்திருந்தார்கள். சொல்லித் தராத இடத்துக்கு அது போனபோது, மூன்று இறக்கை வெறும் மூன்று இறக்கையாகிவிட்டது.

1987இல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட புற்றுநோய்ச் சிகிச்சை நிலையம் ஒன்றிலிருந்து சீசியம்-137 என்னும் கதிரியக்கப் பொருள் இருந்த கருவித் தலையைப் பழைய இரும்புக்காகக் கழற்றிச் சென்றார்கள். உள்ளே நீல ஒளி விட்ட தூளை அதிசயமாக எண்ணி உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் பங்கிட்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதிக்க வேண்டி வந்தது. 2000இல் தாய்லாந்தின் சமுத் பிராகானில், பழைய இரும்புக் கடைக்குப் போன சிகிச்சைக் கருவி ஒன்றில் இருந்த கோபால்ட்-60 மூன்று உயிர்களை எடுத்தது. அந்தக் கருவியைப் பிரித்தவர்களுக்கு மூவிதழ் எதையும் உணர்த்தவில்லை.

அதன் பிறகுதான் சின்னத்துக்கு இரண்டாம் பிறப்பு வந்தது. சர்வதேச அணுசக்தி முகமை ஐந்தாண்டு உழைத்து, 11 நாடுகளில் 1,650 பேரிடம் படங்களைக் காட்டிப் பார்த்தது. அந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2007 பிப்ரவரி 15 அன்று புதிய சின்னம் வெளியானது. சிவப்பு முக்கோணம், மேலே கதிர் வீசும் மூவிதழ், கீழே மண்டையோடு, பக்கத்தில் ஓடும் மனிதன். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்: தொடாதே, ஓடு. இது கதவில் ஒட்டுவதற்கு அல்ல. ஆளைக் கொல்லும் அளவு வலுவான கதிர்மூலம் உள்ள கருவியின் மேல்மூடியைக் கழற்றினால் கண்ணில் படும்படி, உள்ளே ஒட்டுவதற்கு. திருப்புளியோடு வருபவனுக்காகவே வரைந்த படம்.

மூன்றே ஆண்டில் நம் நாட்டிலேயே ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து அந்தத் திருப்புளிக்கு வேலை வந்தது. தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் காமாசெல் 220 என்னும் கதிர்வீச்சுக் கருவி இருந்தது. 1960களின் இறுதியில் கனடாவிலிருந்து வாங்கப்பட்டது. 1985க்குப் பிறகு யாரும் தொடவில்லை. 2010 பிப்ரவரியில் அது பழைய சாமானாக ஏலம் போனது. தில்லி மாயாபுரியின் காயலான் கடைகளில் அதைப் பிரித்து, உள்ளே இருந்த கோபால்ட்-60 துண்டுகளை வெட்டினார்கள். கோபால்ட்-60இன் வீரியம் 5.27 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். 40 ஆண்டில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்காகத் தேய்ந்திருக்கும். தேய்ந்த அந்த மிச்சமே போதுமாக இருந்தது. வேலை செய்தவர்களுக்குத் தோல் கறுத்தது, முடி உதிர்ந்தது. ஏப்ரலில் ஒரு தொழிலாளி இறந்தார். மற்றவர்கள் பல வாரங்கள் மருத்துவமனையில் கிடந்தார்கள்.

இந்தக் கதையில் உறுத்துவது காயலான் கடைக்காரரின் அறியாமை அல்ல. கதிரியக்கப் பாதுகாப்பு விதிகள் 2004லேயே வந்துவிட்டன. கதிர்மூலம் வைத்திருக்கும் நிறுவனம் அதைக் கழிக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அங்கே வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். விதி இருந்தது, துறை இருந்தது, பாடமும் நடந்தது. ஆனால் வாங்கியவர்கள் ஓய்வு பெற்றபோது அந்த அறிவும் அவர்களோடு வெளியேறியது. ஏலப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு அது ஓர் இரும்புப் பெட்டி. பாதுகாப்புப் பயிற்சி என்பது புதிதாகச் சேரும் ஆராய்ச்சி மாணவருக்கு முதல் நாள் காட்டும் படக்காட்சி மட்டும் என்று நினைத்தால் இப்படித்தான் முடியும். பொருள் கிடங்குப் பொறுப்பாளர், அலுவலக எழுத்தர், துப்புரவுப் பணியாளர், காவலாளி எல்லோரும் அந்தப் பயிற்சிக்கு உரியவர்களே.

புதுச்சேரிக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. காலாப்பட்டில் பல்கலைக்கழகம், கோரிமேட்டில் ஜிப்மர், வில்லியனூர், பாகூர் பக்கமெல்லாம் கல்லூரிகள். மூலக்குளத்திலிருந்து நாள்தோறும் அங்கே படிக்கவும் பணிபுரியவும் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். உங்கள் துறையின் மூலையில் தூசி படிந்து கிடக்கும் கருவி என்ன, உள்ளே என்ன இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். மூவிதழ் ஒட்டிய எதையும் பழைய சாமான் பட்டியலில் சேர்க்க விடாதீர்கள். உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி பேட்ஜை மார்பில் அணியச் சொன்னால் அதைக் கோட்டோடு கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலை செய்யாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது சொல்லும் கணக்கு உங்கள் உடம்பின் கணக்கு. நிர்வாகத்தில் இருப்பவர்கள், ஓய்வு பெறும் பேராசிரியரிடம் சாவியை வாங்கும் அன்றே ஆய்வகத்தில் உள்ள ஆபத்தான பொருள்களின் பட்டியலையும் எழுதி வாங்குங்கள்.