‘யுனைடெட்’ என்ற சொல்லின் முதலெழுத்து: சிறப்புப் பெயருக்கு அது சான்றாகுமா?

1776ஆம் ஆண்டு அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் தோற்சுவடித் தலைப்பில் ‘யுனைடெட்’ சிறிய எழுத்தில் தொடங்குகிறது. அடுத்துள்ள ‘ஸ்டேட்ஸ்’ பெரிய எழுத்தில் தொடங்குகிறது. இதைக் கொண்டு, ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்ற தொடர் அக்காலத்தில் நாட்டின் சிறப்புப் பெயர் அன்று, ‘ஒன்றுபட்ட அரசுகள்’ எனப் பொருள்படும் பொதுப் பெயர்த் தொடரே என்று ஒரு சாரார் வாதிட்டு வருகின்றனர். பெரிய எழுத்தே சிறப்புப் பெயரின் அடையாளம் என்ற இன்றைய பள்ளி இலக்கண விதி இவ்வாதத்துக்கு அடிப்படை. அவ்விதியை 18ஆம் நூற்றாண்டுச் சுவடியின் மேல் ஏற்றுவது பொருந்தாது.

சுவடியையே பார்ப்போம். வாழ்வு, சுதந்திரம், மகிழ்ச்சி ஆகியவற்றைக் குறிக்கும் ‘லைஃப்’, ‘லிபர்ட்டி’, ‘ஹாப்பினஸ்’ மூன்றும் பெரிய எழுத்தில் தொடங்குகின்றன. இவற்றைச் சிறப்புப் பெயர் என்பார் எவருமில்லை. அதே தொடரில் உள்ள, நாடுதலைக் குறிக்கும் ‘பர்சூட்’ என்ற பெயர்ச்சொல்லோ சிறிய எழுத்தில் உள்ளது. பெயர்ச்சொற்களுக்குப் பெரிய எழுத்தும் பெயரடைகளுக்குச் சிறிய எழுத்தும் இடுவது எழுதியவரின் பொது வழக்கம். அதையும் அவர் ஒரே சீராகப் பின்பற்றவில்லை. தலைப்பில் ‘யுனைடெட்’ மட்டுமல்ல, ‘தர்ட்டீன்’ என்ற எண்ணுப்பெயரும் சிறிய எழுத்தில்தான் தொடங்குகிறது. எழுதியவரின் கைப்பழக்கத்தை நாட்டின் அரசியல் நிலையாகப் படிக்க இங்கு இடமில்லை.

இதனினும் வலுவான சான்று அச்சகர் ஜான் டன்லப் வெளியிட்ட, பிரகடனத்தின் அச்சுப்படி. 1776 ஜூலை 4 இரவு தொடங்கி அச்சிடப்பட்ட அதில், நாட்டின் பெயர் முழுவதும் பெரிய எழுத்துகளில் உள்ளது. சுவடியில் காங்கிரஸ் உறுப்பினர்கள் கையொப்பமிடத் தொடங்கியது ஆகஸ்ட் 2. எழுத்துருவமே அளவுகோல் என்றால், ஜூலையில் சிறப்புப் பெயராக இருந்தது ஆகஸ்டில் பொதுப் பெயராகிவிட்டது என்று கொள்ள நேரும். அச்சுப்படி அச்சகத்தாரின் கைவேலை என்ற மறுப்பு நிற்காது. சுவடியும் ஓர் எழுத்தரின் கைவேலையே.

‘தர்ட்டீன்’ என்ற சொல்லைப் பொறுத்தவரை எதிர்த்தரப்புக்கு ஓரளவு நியாயம் உண்டு. எண்ணை அடையாக ஏற்பது பொதுப் பெயரின் இயல்பு. ஆகவே 1776 ஜூலையில் அத்தொடர் பெயராக முற்றிலும் இறுகவில்லை எனலாம். ஆனால் இது தொடரமைப்பு தரும் சான்று, முதலெழுத்து தருவதன்று.

‘ஸ்டேட்ஸ்’ என்பதன் பன்மை வடிவமும் உறுதியான அளவுகோலாகாது. 1777இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஏற்ற கூட்டமைப்பு விதிகளின் முதல் பிரிவு இத்தொடரை நாட்டின் பெயராக வெளிப்படையாக நிறுவியது. அதன் பின்னரும் 1787ஆம் ஆண்டு அரசமைப்பின் துரோகக் குற்றப் பிரிவும், 1865ஆம் ஆண்டில் அதற்குச் செய்யப்பட்ட 13ஆம் திருத்தமும் அந்நாட்டைப் பன்மைப் பிரதிப்பெயரால் சுட்டுகின்றன. பன்மை வடிவம் சிறப்புப் பெயராவதைத் தடுக்கவில்லை.

ஒன்றைத் தனித்துச் சுட்டப் பெயராக இட்டு வழங்குவதே சிறப்புப் பெயரை உருவாக்குகிறது. முதலெழுத்தின் உருவத்தை மட்டுமே நம்பி 18ஆம் நூற்றாண்டு ஆங்கில ஆவணங்களுக்குப் பொருள் கூறும் முறையைக் கைவிட வேண்டும்.