மூன்றாவது நாற்காலி

ஒரு நோபல் பரிசை அதிகபட்சம் மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்பது சட்டம். 2020-ல் வேதியியலுக்கு இரண்டே பேரைத்தான் கூப்பிட்டார்கள். எம்மானுவேல் ஷார்ப்பென்டியே, ஜெனிஃபர் டவுட்னா. மரபணுவைக் கத்தரிக்கிற 'கிரிஸ்பர்' கத்தரிக்கோலுக்காக! மூன்றாவது நாற்காலி காலி. அதில் உட்கார்ந்திருக்க வேண்டியவர் என்று பலர் கைகாட்டுகிற ஆசாமி, லிதுவேனியாக்காரர். பெயர் விர்கினியுஸ் ஷிக்ஷ்னிஸ். (வாயில் நுழையவில்லையா? நிதானமாகச் சொல்லிப் பாருங்கள்!)

1956-ல் வில்னியுஸ் நகரில் பிறந்தவர். அப்போது அது சோவியத் பூமி. மாஸ்கோவில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட இடத்தில் 'டக்'கென்று வெட்டுகிற பாக்டீரியா என்ஸைம்களைப் பல வருடம் நோண்டிக்கொண்டிருந்தார்.

2007-ல் ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. எழுதியவர்கள், டானிஸ்கோ என்கிற உணவுக் கம்பெனி விஞ்ஞானிகள். விஷயம்? தயிர்! பாலைத் தயிராக்குகிற பாக்டீரியாவுக்கும் வைரஸ் தொல்லை உண்டு. தாக்கிய வைரஸின் டி.என்.ஏ.யிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்துத் தனக்குள் செருகி வைத்துக்கொள்கிறது அந்தப் பாக்டீரியா. போலீஸ் ஸ்டேஷனில் கேடி போட்டோ மாட்டி வைக்கிற மாதிரி! அதே வைரஸ் மறுபடி வந்தால் அடையாளம் கண்டு தீர்த்துக்கட்டிவிடுகிறது.

எப்படி? ஷிக்ஷ்னிஸ் களத்தில் இறங்கினார். 2011-ல் அந்தத் தற்காப்பு ஏற்பாட்டை அப்படியே பெயர்த்து, ஈ.கோலி என்கிற வேறொரு பாக்டீரியாவுக்குள் வைத்தார். அங்கேயும் வேலை செய்தது! பிறகு, வெட்டுகிற புரதமான காஸ்9-ஐத் தனியே பிரித்தெடுத்தார். ஓர் ஆர்.என்.ஏ. இழை வழிகாட்ட, காஸ்9 வெட்டுகிறது. இழையை மாற்றினால் வெட்டும் இடமும் மாறும். அதாவது, நாம் நினைத்த மரபணுவை...

2012 ஏப்ரலில் 'செல்' இதழுக்குக் கட்டுரை போயிற்று. நிபுணர்களிடம்கூடக் காட்டாமல் 'வேண்டாம்' என்று திருப்பிவிட்டார்கள். மே மாதம் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் இதழுக்கு அனுப்பினார். அங்கே பரிசீலனை... பரிசீலனை... இதற்கிடையே டவுட்னா - ஷார்ப்பென்டியே கோஷ்டி ஜூன் 8-ம் தேதி 'சயின்ஸ்' இதழிடம் கொடுத்த கட்டுரை, ஜூன் 28-ல் வெளியாகிவிட்டது. இருபதே நாள்! ஷிக்ஷ்னிஸ் கட்டுரை வந்தது செப்டம்பரில்.

பேட்டன்ட் மனுவில் மட்டும் அவர் தரப்பு முந்தியது. வில்னியுஸ் பல்கலைக்கழகம் மார்ச்சிலேயே மனுப் போட்டது. டவுட்னா தரப்பு மே மாதம்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பெண்மணிகள் ஒரு படி மேலே போயிருந்தார்கள். காஸ்9-க்கு உண்மையில் இரண்டு ஆர்.என்.ஏ. தேவை. இரண்டையும் ஒட்டி ஒன்றாக்கி, சுலபமாக்கியது அவர்கள்தான். லேப்களில் பிரபலமானதும் அந்த வடிவமே.

2018-ல் நார்வேயின் காவ்லி பரிசு மூவருக்கும் சேர்த்தே கிடைத்தது. அதுவும் நானோ அறிவியல் பிரிவில்! (கத்தரிக்கோல் அத்தனை சின்னதாயிற்றே.) அதனால் 2020 அக்டோபரில் மூன்று பெயர்களை எதிர்பார்த்தவர்கள் உண்டு. ஸ்டாக்ஹோமில் வாசித்தது இரண்டு.