கடும் பயிற்சியும் அழற்சியும்: தசையிலிருந்து கிளம்பும் ஒரு புரதம்

1. சிக்கல்

மாரத்தான் ஓடி முடித்தவரின் ரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 என்ற புரதம் 100 மடங்கு வரை உயர்வதுண்டு. கடுமையான தொற்றுநோயிலும் ஏறுவது இதே புரதம்தான். ஆகவே கடும் பயிற்சியில் தசை சிதைகிறது, அந்தச் சிதைவே அழற்சியாகிறது என்று நெடுநாள் கருதினார்கள். இது பாதி உண்மை.

2. தசையின் பங்கு

கோபன்ஹேகனில் பென்டே பெடர்சனின் குழுவினர் 2000இல் வெளியிட்ட சோதனையில், ஆண்கள் சிலர் ஒரு காலை மட்டும் 5 மணி நேரம் நீட்டி மடக்கினர்; மற்றக் கால் சும்மா கிடந்தது. தொடையின் தமனியிலும் சிரையிலும் ரத்தம் எடுத்து ஒப்பிட்டார்கள். உழைத்த காலிலிருந்து மட்டுமே இன்டர்லூக்கின்-6 வெளியேறியது. தசை சேமித்துவைக்கும் சர்க்கரையான கிளைக்கோஜன் குறைவாக இருக்கையில் பயிற்சி செய்தால் இந்த வெளியேற்றம் கூடுகிறது. நடுவே குளுக்கோஸ் குடித்தால் ரத்தத்தில் இன்டர்லூக்கின்-6இன் ஏற்றம் தணிகிறது. அப்படியானால் இதைக் காயத்தின் அடையாளமாக மட்டும் கொள்ள முடியாது. எரிபொருள் தீர்ந்துவருகிறது என்று கல்லீரலுக்கும் கொழுப்புத் திசுவுக்கும் தசை அனுப்பும் தகவலும் இதுவே.

3. அழற்சியைத் தணிக்கும் அழற்சிப் புரதம்

2003இல் வந்த ஆய்வு இன்னும் வியப்பானது. ஈ.கோலை கிருமியின் நச்சைச் சிறிதளவு ஊசியில் ஏற்றியபோது, ஓய்வாக இருந்தவர்களுக்கு அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப்-ஆல்ஃபா 2 முதல் 3 மடங்கு உயர்ந்தது. 3 மணி நேரம் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அந்த உயர்வே இல்லை. மிதிக்காமல் இன்டர்லூக்கின்-6 மட்டும் செலுத்தியபோதும் அப்படியே.

4. எல்லை

ஆனாலும் அளவு உண்டு. ஸ்டாக்ஹோம் ஆய்வொன்றில் (2021) 11 பேருக்கு அதிதீவிர இடைவெளிப் பயிற்சியை வாரத்துக்கு 36, 90, 152 நிமிடம் என ஏற்றிக்கொண்டே போனார்கள். மூன்றாம் வாரத்தில், தசைச் செல்லில் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசத்திறன் சுமார் 40 சதவீதம் சரிந்தது. குளுக்கோஸைக் கையாளும் திறனும் குன்றியது. நான்காம் வாரம் 53 நிமிடமாகக் குறைத்த பிறகு ஓரளவு மீண்டது, முழுவதும் அல்ல. (11 பேரை வைத்து 152ஐ எல்லார்க்கும் எல்லைக்கோடாக்கிவிடக் கூடாது.)

5. மாத்திரை

கடும் பயிற்சியின் தீங்கை மாத்திரையால் தடுக்கலாமா? 2009இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் பயிற்சியோடு வைட்டமின் சி, ஈ மாத்திரைகளையும் கொடுத்துப் பார்த்தார்கள். விழுங்கியவர்களுக்கு, பயிற்சியால் கூடவேண்டிய இன்சுலின் உணர்திறன் கூடவில்லை. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இதோடு ஒத்துப்போகவில்லைதான். என்றாலும், கடும் பயிற்சி செய்கிறவர் மாத்திரை டப்பாவைத் திறக்குமுன், இடையில் ஓய்வும் போதிய மாவுச்சத்தும் கிடைக்கின்றனவா என்று பார்ப்பதே முறை.