கம்பம் பள்ளத்தாக்கில் மின்சாரம் - தண்ணீர் முதலில், காற்று பிறகு

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்குப் போனவர்கள் முல்லைப் பெரியாற்றில் கால் நனைக்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். வருடத்தில் பல மாதங்கள் அந்தத் தண்ணீர் வீரபாண்டிக்கு வந்து சேரும் முன்பே மலையடிவாரத்தில் ஒரு வேலையை முடித்துவிட்டுத்தான் வருகிறது. லோயர் கேம்பில் டர்பைன்களைச் சுழற்றும் வேலை அது.

ஆனால் அணை கட்டியபோது யாரும் மின்சாரத்தை நினைக்கவில்லை. பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895ல் முடிந்தது. அரபிக்கடல் பக்கம் ஓடிக் கொண்டிருந்த தண்ணீரை, ஒரு மைலுக்கு மேல் நீளமான சுரங்கம் வெட்டி, கிழக்கே திருப்பினார்கள். நோக்கம் பாசனம் மட்டுமே. மலை உச்சியிலிருந்து பள்ளத்தாக்கில் விழும் அந்த வேகம் அடுத்த அறுபது வருடங்களுக்கு மேல் சும்மா வீணாகப் போனது!

அதைப் பயன்படுத்தலாம் என்று சென்னை மாகாண அரசு நினைத்தபோது வந்தது சிக்கல். 1886ல் திருவிதாங்கூருடன் போட்ட 999 வருட குத்தகை ஒப்பந்தத்தில் மின்சாரம் என்ற வார்த்தையே இல்லை. (அப்போது எப்படி இருக்கும்?) பாசனத்துக்குக் கொடுத்த தண்ணீரில் மின்சாரம் எடுக்கக் கூடாது என்றது திருவிதாங்கூர். விஷயம் மத்தியஸ்தத்துக்குப் போய், நடுவர்கள் இருவரும் ஒத்துப் போகாததால், நளினி ரஞ்சன் சட்டர்ஜி என்ற நீதிபதியிடம் வந்தது. 1941ல் அவர் தீர்ப்பு சொன்னார்: தண்ணீர் பாசனத்துக்கு மட்டும்தான். பைக்காரா 1932ல், மேட்டூர் 1937ல் என்று மாகாணத்தின் மற்ற இடங்களில் நீர்மின் நிலையங்கள் வந்துவிட்டன. 1944ல் பாபநாசமும் வந்தது. கம்பம் பள்ளத்தாக்கு மட்டும் காத்துக் கொண்டிருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு பேச்சுவார்த்தையில் வழி பிறந்தது. பெரியாறு மின் நிலையத்தின் முதல் மூன்று இயந்திரங்கள் 1958, 1959 ஆண்டுகளில் ஓடத் தொடங்கின. நான்காவது 1965ல். ஒவ்வொன்றும் 35 மெகாவாட், மொத்தம் 140. பின்னாளில் இயந்திரங்களைப் புதுப்பித்ததில் இது 160ஐத் தாண்டியது. வேடிக்கை என்னவென்றால், மின்சாரம் எடுப்பதற்கான முறையான ஒப்பந்தம் 1970ல்தான் கையெழுத்தானது. குத்தகை ஏக்கருக்கு 5 ரூபாயிலிருந்து 30 ரூபாயாக உயர்ந்தது, மின்சாரத்துக்குத் தனியாகக் கேரளாவுக்குப் பணம் தர வேண்டும் என்றும் முடிவானது.

குமுளி மலைப்பாதையில் பஸ்ஸில் போகும்போது தெரிகிற நான்கு ராட்சதக் குழாய்கள் இந்த நிலையத்துக்கானவைதான். ஒரு குழாயில் சுமார் 400 கன அடி என்று நான்கிலும் 1,600 கன அடி வரை இறக்கலாம். அதற்கு மேல் வருவது இரைச்சல் பாலம் வழியாக, டர்பைனைத் தொடாமலே இறங்கிவிடும். கோடையில் குடிநீருக்காக 100 கன அடி அளவில் மட்டும் திறக்கும்போதும் அப்படித்தான், உற்பத்தி நின்றுவிடும். அதாவது இங்கே மின்சாரத்துக்காகத் தண்ணீர் திறப்பதில்லை. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயலுக்கும், வைகைக்கும் போகிற தண்ணீர், போகிற போக்கில் மின்சாரம் கொடுத்துவிட்டுப் போகிறது. அதனால் அணையின் நீர்மட்டம் பற்றிய ஒவ்வொரு சண்டையும் மின்சாரச் சண்டையும்தான். 1979ல் பாதுகாப்பு காரணம் சொல்லி 136 அடியாகக் குறைக்கப்பட்ட நீர்மட்டம், உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்புக்குப் பிறகுதான் 142 அடியைத் தொட்டது.

அடுத்து 1978ல் 35 மெகாவாட்டில் சுருளியாறு மின் நிலையம், 1990ல் வைகை அணையில் 6 மெகாவாட். பிறகு பெரியாற்றின் ஓட்டத்திலேயே சில சிறு நிலையங்கள். தண்ணீரில் எடுக்கக்கூடியதை ஏறக்குறைய எடுத்தாகிவிட்டது.

இனி காற்று. தமிழ்நாட்டின் முதல் காற்றாலைகள் 1986ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் நிறுவப்பட்டன. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் என்று காற்று புகுந்து வரும் கணவாய்கள் நான்கு. முப்பந்தலில் காடு மாதிரி காற்றாலைகள் நின்றபோதும் கம்பம் கணவாய் பின்தங்கியே இருந்தது. 2000களின் நடுப்பகுதியிலிருந்துதான் ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கமெல்லாம் வெள்ளைக் கம்பங்கள் முளைத்தன. தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கம் கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது காற்றாலை சுற்றாதா? ஒரே பருவமழைதான், மேலே அணையில் தண்ணீராகவும் கீழே கரட்டுக் காட்டில் காற்றாகவும் வருகிறது.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. லோயர் கேம்ப் அரசாங்கத்துடையது. காற்றாலைகள் பெரும்பாலும் தனியாருடையவை, அவற்றில் பல நூற்பாலைகள் தங்கள் சொந்தத் தேவைக்காக நிறுவியவை. முதல் வருடமே முதலீட்டில் 80 சதவீதம் தேய்மானம் காட்டி வருமான வரியைக் குறைக்கலாம் என்ற சலுகை 2012 வரை இருந்தது. காற்றைப் பார்த்து வந்தவர்களும் உண்டு, வரியைப் பார்த்து வந்தவர்களும் உண்டு! நிலத்தை விற்ற மானாவாரி விவசாயிக்குக் கிடைத்தது ஒரே ஒரு முறை வந்த பணம். அவர் காட்டில் பிறக்கும் மின்சாரத்தின் கணக்கு எங்கோ ஒரு மில்லின் பில்லில் கழிகிறது.

இன்னொரு சிக்கல், காற்றைத் தேக்கி வைக்க முடியாது. நல்ல சீசனில் லைன் தாங்காமல் காற்றாலைகளை நிறுத்தச் சொன்ன நாட்கள் உண்டு. கம்பிகளின் பற்றாக்குறைக்காகத்தான் தேனி அருகே தப்புக்குண்டில் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையம் வந்தது. மற்ற இடங்களில் காற்று பலமாக வீசும்போது அணைத் தண்ணீரை நிறுத்தி வைத்து, காற்று குறைந்தபின் திறக்கலாம். இங்கே அது அவ்வளவு எளிதல்ல. அணை நிரம்பியிருந்தால் ஜூன் மாதம் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்துவிடுவார்கள், நாற்று காத்திருக்காது. காற்றும் அதே ஜூனில்தான் முழு வேகத்தில் வருகிறது. லோயர் கேம்ப் குழாய்களும் ஆண்டிபட்டிக் காற்றாலைகளும் ஒரே நேரத்தில் ஓடிக் கொண்டிருக்கும். பங்குனியில் போய்ப் பார்த்தால் குழாய்களும் காலி, இறக்கைகளும் அசையாமல் நிற்கும்.